முரண்டு பிடிக்கும் நட்டு

நேற்று மாலை பஸ்ஸில் ஒரு தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டுநரின் காலடியில் உட்கார்ந்தே இறங்கி வந்திருக்கிறது. என் மனைவியின் அக்கா அதைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டு அனுப்பியிருந்தார். அவிழ்க்கும்போதே வாசம் வந்தது. மிளகு, மெஷின் ஆயில், கொஞ்சம் பித்தளை. ஒரு மனிதரின் சட்டைக்கு இருந்த வாசம் அது. மூடியைத் திறந்தால் தகரத் தடுப்பு வைத்துப் பிரித்த ஏழு அறைகள். ஆறு அறைகளின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் எண்கள் எழுதியிருந்தன: 0, 2, 4, 6, 8, 10. நேரான, அளவெடுத்த எழுத்து. ஏழாவது அறைக்கு எண் இல்லை. அங்கே கோணல்மாணலாக, எழுத்தின் மேல் எழுத்து ஏறி, 'சகலை' என்று இருந்தது. அது நான்தான். அந்த அறைக்குள் ஒரே ஒரு நட்டு கிடந்தது.

நானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவர் அரியூர் நாட்டுக்காரர், நான் திருப்புலி நாடு. எனக்குப் பத்து வருடம் முன்பே அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனவர். சகலை உறவுக்குச் சீரும் கிடையாது, சடங்கும் கிடையாது. கறிவிருந்தில் பக்கத்து இலை கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு பெண்கள், எங்கெங்கோ பிறந்த இரண்டு ஆண்களை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு பேசுவதும் பேசாமல் இருப்பதும் அந்த ஆண்களின் பாடு. நாங்கள் பேசினோம். இருபது வருடத்துக்கு மேல் பேசினோம். நான் ஒரு வேலையிலும் நிலையாக இல்லாதவன். லாரி புக்கிங் ஆபீஸ், அச்சகம், விதைக் கடை என்று மாறிக்கொண்டே இருந்தேன். அவரோ ஒரு திருகாணியின் முன்னால் அரை நாள் அசையாமல் உட்காரக் கூடியவர். எங்களுக்குள் எது ஒட்டியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மலைமேல் இருந்த சின்னத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அவர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிக் காயலாங்கடை விலைக்கு ஏலம் விட்டபோது, கீழே இருந்து வந்த வியாபாரிகள் செம்புக் கம்பிக்குப் போட்டி போட்டார்கள். இவர் திருகாணிகளைக் கேட்டார். மூன்று சாக்கு. அந்தத் திருகாணிகளின் மரைக்கு, அதாவது தண்டைச் சுற்றி ஓடும் அந்தப் பள்ளத்துக்கு, பி.ஏ. என்று பெயர். தந்தி, தொலைபேசி, ஆய்வுக்கூடக் கருவி போன்ற நுணுக்கமான சாமான்களுக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த அளவு அது. மூன்று சாக்கோடு வாசலில் வந்து இறங்கிய கணவரைப் பார்த்து அக்கா சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது: "பத்தாவது தாண்டாத மனுசன். இன்னைக்குப் பாரு, ஊடு பூரா பி.ஏ.வா கொண்டாந்து கொட்டியிருக்குது."

அவர் அந்தச் சாக்குகளை வாங்கியதற்குக் காரணம் ஒரு நீராவி இன்ஜின். நிஜ இன்ஜின் இல்லை, அதன் குட்டி. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டு மாத இதழில் அதன் வரைபடம் இருந்தது. சுரைக்காய் பருமனில் ஒரு செம்புக் கொதிகலன், அதன் பக்கத்தில் ஒரு சிலிண்டர், பித்தளை விளிம்பு போட்ட ஒரு சக்கரம், சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பைத் தாங்க ஐந்து ஆரம். வரைபடத்தில் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஒரு பி.ஏ. எண். மிளகு பறிப்பு இல்லாத மாதங்களில், குச்சிக்கிழங்கு அடுக்கும் கொட்டகையின் ஒரு மூலையில் சின்ன லேத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒன்பது வருடம் அதைச் செய்தார். எவ்வளவோ பேர் கேட்டார்கள், கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் நட்டைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று. "பொடிப்பயன் அப்பனோட செருப்பப் போட்டுக்கிட்டு நடந்தாப்புல இருக்குமுங்க" என்பார். சின்ன இன்ஜினில் கடை நட்டு பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பி.ஏ. நட்டு அடக்கமானது. அதைப் போட்டால்தான் இன்ஜின் இன்ஜினாகத் தெரியும், பொம்மையாகத் தெரியாது.

எண் ஏற ஏறத் திருகாணி சிறுத்துக்கொண்டே போகும் என்பதில் அவருக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம். பூஜ்யம்தான் பெரியது, தண்டின் பருமன் ஆறு மில்லிமீட்டர். பத்தாம் நம்பர் எள்ளுக்கு அண்ணன். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, ஒவ்வொரு எண்ணிலும் முன்னதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறையும். "பேருதான் வெள்ளக்காரன் பேரு. உள்ள அளவெல்லாம் மில்லிமீட்டரு. இவன் வேசம் கட்டுனவனுங்க சகலை" என்று சிரிப்பார். கொதிகலனின் குழாய்களுக்கு வேறு மரை, அங்குலத்துக்கு நாற்பது சுற்று. குழாய் தடித்தாலும் மெலிந்தாலும் அதே நாற்பது. அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் மரியாதை வந்துவிடும். ஒருமுறை நான் ஆர்வக்கோளாறில், நம் மலைப்பாதையும் ஒரு மரைதான் சகலை, மலையைத் திருகாணியாக்கிச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். "மரைன்னா ஒரே பக்கமாச் சுத்தோணுமுங்க. இந்த ரோடு போறதும் திரும்பறதும், போறதும் திரும்பறதுமா இருக்குது. இது மரை இல்லீங்க. சும்மா மடிச்சு வெச்ச வேட்டி." அதன் பிறகு அவர் முன்னால் நான் உவமை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

கண்ணில்தான் கோளாறு வந்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகும் நோய். இடது கண் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. வலது கண்ணில், குழல் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மீதி இருந்தது. ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது, இருப்பதும் கொஞ்சம் குறையலாம் என்று டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதையும் அவர் பட்டறைப் பேச்சாக்கினார். "கொதிகலன்லயும் அழுத்தம், கண்ணுலயும் அழுத்தம். அழுத்தம் எறங்கறதுக்குக் கண்ணுல ஒரு ஓட்டை போடறாங்களாமா. சேஃப்டி வால்வுங்க. நாம போட்டா நாலு நட்டு புடிக்கும், அவரு எதப் போட்டு முறுக்குவாரோ." அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "முறுக்கறப்ப அந்த மண்டையையும் சேத்து முறுக்கச் சொல்லுங்க. அங்கதான் மரை கழண்டு கெடக்குது." எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "வியாழக்கெழமைக்குள்ள இது ஓடறதக் கண்ணால பாத்துரோணும் சகலை."

மீதி இருந்தது ஆறே ஆறு நட்டு. கொதிகலனின் மூடியைப் பிடிக்க ஆறு வெண்கலத் தண்டுகள், பூஜ்யம் நம்பர் பி.ஏ. மரை போட்டு, மேலே நீட்டிக்கொண்டு நின்றன. எக்ஸ்சேஞ்சில் பூஜ்யம் அபூர்வம், மூன்று சாக்கிலும் ஒன்று இல்லை. தானே செய்துகொள்ளலாம் என்றால் மரை வெட்டும் டேப் முதல் நட்டிலேயே ஒடிந்து உள்ளே சிக்கிக்கொண்டது. விதைக் கடை வேலையாகத் தினமும் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவன் நான். "சேலத்துல பழைய சாமான் கடைகள்ள கேட்டுப் பாருங்க, பூஜ்யம் பி.ஏ., ஆறு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் சேலத்துக்குப் போகவில்லை. கடையில் விதைப்பு நேரத்துக் கூட்டம். மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்திலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். "பி.ஏ.வெல்லாம் எங்கப்பா காலத்தோட சரிங்க. ஆறு எம்.எம். இருக்குது, எம்-ஆறுன்னு சொல்லுவாங்க, வேணும்னா மாட்டிப் பாத்துக்கங்க. எனக்குத் தெரிஞ்சு அது வேற இது வேற" என்றார் கடைக்காரர். அவர் மேல் குற்றமே இல்லை. மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த தண்டில் நான்தான் மாட்டிப் பார்த்தேன். சுற்றச் சுற்ற வெண்ணெயாகப் போனது. ஆறு பித்தளை நட்டு வாங்கினேன். கறுப்பு எண்ணெயில் புரட்டி, ஒரு பழைய காகிதத்தில் மடித்து, திங்கட்கிழமை காலை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன்: "சேலத்துல கெடச்சுதுங்க சகலை. அசல் பூஜ்யம் பி.ஏ." அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, பொய்தான் என்றாலும் நல்ல காரியம் செய்தோம் என்றே எனக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கொட்டகை வாசலில் இன்ஜினைத் தூக்கி வைத்தோம். அவர் விரலால் தடவித் தடவி ஆறு நட்டையும் மாட்டினார். எனக்கு அவசரம். கொட்டாங்குச்சிக் கரியைப் பற்ற வைத்து விடலாமா என்று கேட்டேன், பொழுது வீணாகிறதே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புதுக் கொதிகலன் எதுவானாலும் முதலில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கைப்பம்பால் ஏற்றிப் பார்த்த பிறகுதான் நெருப்பு. அது அவருக்கு விரதம். "தண்ணி கோவிச்சுக்கிட்டா வேட்டி நனையும். ஆவி கோவிச்சுக்கிட்டா மூஞ்சி இருக்காதுங்க." நான் கைப்பம்பை அடித்தேன். அவர் வலது கண்ணை மூடிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் ஏறியது. மூடியின் ஓரத்தில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அவர் அந்த இடத்து நட்டை ஸ்பானரால் இன்னும் கால் சுற்று முறுக்கினார். பிடித்திருந்த நட்டு சட்டென்று கையை விட்டுவிட்டது. ஸ்பானர் எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. தண்ணீர் மெல்லிய கோடாகப் பீய்ச்சி அவர் நெற்றியில் அடித்தது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. அந்த நட்டைக் கழற்றி எடுத்தார். இன்னொரு நட்டையும் கழற்றினார். லேத்துக்குப் பக்கத்தில் கிடந்த சாதாரண ஆறு எம்.எம். போல்ட் ஒன்றை எடுத்து, அந்த இரண்டாவது நட்டுக்குள் விட்டுத் திருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பிறகு எனக்குச் சொன்னார், கோபமில்லாத குரலில், நாளைக்கு மழை வரும் என்பது போல. பி.ஏ. பூஜ்யம், எம்-ஆறு, இரண்டுக்கும் பருமன் ஒன்றுதான், ஆறு மில்லிமீட்டர். மரைக்கு மரை இடைவெளியும் ஒன்றுதான், ஒரு மில்லிமீட்டர். பள்ளத்தின் சாய்வு மட்டும் வேறு. பி.ஏ.வுக்கு நாற்பத்தேழரை டிகிரி, மற்றதற்கு அறுபது. மாட்டினால் போகும், இறுக்கினால் இறுகும், ஆனால் உடம்போடு உடம்பு ஒட்டாது. ஓரத்தில் ஒரு கோடாகத் தொட்டுக்கொண்டு, பிடித்த மாதிரி நிற்கும். சுமை வந்தால் விட்டுவிடும். சொல்லி முடித்துவிட்டு நேராக என்னைப் பார்க்க முயன்றார். முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது அவருக்கு.

"ஏனுங்க சகலை, சேலத்துக்கு நீங்க போகவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"ம்."

அவ்வளவுதான். ஒரு பழைய வேட்டியை எடுத்து இன்ஜினை மூடினார். "வியாழக்கெழமைக்குள்ள இனி ஆவாதுங்க" என்றார். நான் அங்கேயே நின்றேன். நெருப்பை மூட்டச் சொன்னவன் நான். என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தத் தண்ணீர்க் கோடு ஆவிக் கோடாக இருந்திருக்கும். அவருக்கு மீதியிருந்த ஒரே கண் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்தான் ஆரம்பித்தார். "ஏஞ் சகலை பேயறஞ்சாப்புல உக்காந்திருக்கறீங்க? கண்ணு கட்டியிருக்கறது எனக்கு." பிறகு கையை நீட்டி என் முழங்காலைக் கண்டுபிடித்துத் தட்டினார். "பழைய கரண்டு சாமான் விக்கறவங்ககிட்டப் போங்க. பழைய மீட்டரு, சுச்சு போர்டு, காலேஜ்ல தூக்கிப் போட்ட கருவி, அதுல கம்பி மாட்டற எடத்துல இருக்கும். தண்டுல மாட்டிப் பாத்து வாங்காதீங்க. தண்டுக்கு எளகுன மனசு, ரெண்டு பேரையும் உள்ள உட்டுரும். பையில ஒரு எம்-ஆறு போல்ட்டு வெச்சுக்கங்க. எந்த நட்டுல அது வழுக்கிக்கிட்டுப் போவுதோ அது நமக்கு வேண்டாம். எதுல முரண்டு புடிக்குதோ அதத்தான் வாங்கோணும்."

நான்கு நாள் அலைந்தேன். இந்த முறை நிஜமாகவே சேலம். ஒவ்வொரு கடையிலும் குவியலின் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு நட்டு நட்டாகச் சோதித்தேன். நன்றாகப் போவதை எல்லாம் தள்ளிவிட்டு, போகாததைத் தேடும் ஆளை அந்தக் கடைக்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "போறத வேண்டாங்கறீங்க, போகாததுக்குச் சிரிக்கறீங்க. நீங்க நட்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" இரண்டாம் நாள் ஒரு பழைய மீட்டரில் முதல் நட்டு கிடைத்தது. போல்ட் ஒரு சுற்று உள்ளே போய், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த எதிர்ப்பு விரல் வழியாக ஏறி என் தோள்வரை வந்ததை இப்போதும் சொல்ல முடியும். என் வாழ்க்கையில் எத்தனையோ வாசல்கள் தள்ளாமலே திறந்திருக்கின்றன. ஒரு வாசல் முடியாது என்று சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். நான்காம் நாள் சாயங்காலம் பையில் ஆறு இருந்தன.

கட்டு அவிழ்த்த பிறகு அவர் கண்ணைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. வெளிச்சம் தெரிந்தது. ஆள் நிற்பது தெரிந்தது. தட்டில் சோறு எது, பொரியல் எது என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு காலை நேரத்தில், மறுபடியும் இன்ஜினை வாசலுக்குக் கொண்டு வந்தோம். நான் கொடுத்த ஆறு நட்டையும் அவர் ஒவ்வொன்றாக எம்-ஆறு போல்ட்டால் சோதித்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆறும் முரண்டு பிடித்தன. ஒவ்வொரு முரண்டுக்கும் "சபாஷ்" என்றார். பிறகு தண்ணீர்ச் சோதனை. முள் இரண்டு மடங்கைத் தொட்டு நின்றபோது உள்ளங்கையால் மூடியைச் சுற்றித் தடவி, கையை என்னிடம் நீட்டினார். காய்ந்த கை. "இப்பப் பத்த வெய்யுங்க."

கரி கனன்றது. கொதிகலன் முதலில் முனகியது, பிறகு சீறியது. அவர் சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது தயங்கி, இன்னொரு முறை தயங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. டக்டக்டக் என்று, கோழிக்குஞ்சு தரையைக் கொத்துவது போன்ற சத்தம். வேகம் ஏறியது. பித்தளை விளிம்பு வெயிலில் ஒரே மஞ்சள் வளையமாக நின்றது. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு வந்து நின்று, "அட கெரகமே, ஓடுது!" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த இன்ஜினைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். சகலை முகத்தைச் சக்கரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், காற்று இமையில் படும் தூரத்தில் வைத்திருந்தார். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தெரியுதுங்களா சகலை?"

"அட, நல்லாத் தெரியுதுங்க. ஆரம் அஞ்சும் தனித்தனியாத் தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மதியம் அவர் என்னை ஆறு எம்.எம். போல்ட் ஐந்து வாங்கி வரச் சொன்னார். நான் பொய் சொல்லி வாங்கி வந்த நட்டுகளில் நல்லதாக மிஞ்சிய ஐந்தைப் போட்டு, இன்ஜினை அதன் பலகையோடு சேர்த்து முறுக்கினார். "அதுக்கேத்த போல்ட்டோட சேந்தா அதுவும் யோக்கியமான நட்டுதானுங்க" என்றார். மரை போன அந்த ஆறாவது நட்டுக்காகத் தகரப் பெட்டியில் புதிதாக ஒரு தடுப்பு வைத்து, பெயிண்டைத் தொட்டுத் தானே பெயர் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒறவு மொறைக்கெல்லாமா டப்பா போடுவாங்க?" என்று கேட்டார். "மறுபடியும் கை தவறி எடுத்துரக் கூடாதில்ல" என்றார் அவர். சந்தோஷமாக மலை இறங்கினேன். நாற்பதாவது வளைவோ ஐம்பதாவது வளைவோ, எதிரே ஏறி வந்த லாரிக்காக பஸ் ஒதுங்கி நின்றது. பக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றிச் செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் சுழன்றது. என் இரண்டு நல்ல கண்களால் பார்த்தேன். கம்பி ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம்தான் இருந்தது. சுழலும் சக்கரத்தில் ஆரத்தை யாராலும் எண்ண முடியாது. காலையிலும் நான் பார்த்தது ஒரு மஞ்சள் வளையத்தை மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் இன்ஜினை ஓட்டினோம். அவர் ஒவ்வொரு முறையும் ஆரத்தை எண்ணினார், நான் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவர் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இன்ஜின் முதலில் ஓடிய அன்று அவர் சொன்ன வார்த்தை எவ்வளவு வழுக்கிக்கொண்டு எனக்குள் இறங்கியது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு முரண்டும் இல்லை. கையில் ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு சேலம் முழுக்கச் சுற்றியவனுக்கு, அந்த இடத்தில் அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெட்டி இப்போது என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஏழாவது அறையில் என் பொய்க்கான ஒரு நட்டுதான் இருக்கிறது. நியாயப்படி அங்கே இரண்டு இருக்க வேண்டும்.